அம்பாளின் பிறந்த வீட்டுக்கு ஒரு டஜன் பச்சை வளையல்

அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. எங்களுக்குக் காஞ்சிபுரம். காமாட்சி எங்கள் ஊருக்குத் தவம் செய்ய வந்தவள், அவள் பிறந்த வீடு இமயமலை. "இங்கே எத்தனையோ வளையல் சாத்தியாச்சு. ஒரு தடவையாவது அவள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் வைக்கணும்" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி கடைசி வரை விடவில்லை. அவள் போய், வருஷாப்திகம் முடிந்து, நவராத்திரியும் ஆனபின் நான் கிளம்பினேன். மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். எல்லாவற்றையும் அவளுடைய பழைய நூல் புடவையில் கிழித்த துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

காட்மாண்டுவில் முதலில் பசுபதிநாதர். தசைன் சமயம், நம் நவராத்திரி மாதிரி அவர்களுடைய திருவிழா; கூட்டம் சொல்லி முடியாது. வாசலிலேயே ஒருவர் "நேரே உள்ளே கூட்டிப் போகிறேன்" என்று பணம் வாங்கிக்கொண்டு, வரிசையின் வாலில் விட்டுவிட்டு மறைந்துவிட்டார். சாமி வாசலில் நின்று இப்படிச் செய்கிறார்களே என்று மனசு கொதித்தது. நாலு முகத்தோடு பசுபதிநாதரைப் பார்த்த ஒரு கணத்தில் அது அடங்கியது.

வளையலை மலையில் எங்கே வைப்பது? எனக்கே தெரியவில்லை. வழிகாட்டியாக வந்த ஷெர்பா தம்பிதான் தன் ஊரைச் சொன்னான். "பாங்போச்சே போகலாம், திதி. அம்மா மலைக்கு எதிரே இருக்கிறது." திதி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

ராத்திரியோடு ராத்திரியாக ஜீப்பில் மந்தலி, அங்கிருந்து சின்ன விமானத்தில் லுக்லா. மூட்டம் என்று ஒரு நாள் முழுக்கக் காக்க வைத்தார்கள். லுக்லாவுக்கு மேல் மோட்டார் வண்டி கிடையாது, எல்லாம் நடைதான். கூடவே ஓடுகிற ஆற்றுக்குப் பெயர் தூத் கோசி, பால் ஆறு. எங்கள் பாலாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு ஓடும் அதைப் பார்த்துக் கைகூப்பாமல் எப்படி நடப்பது? வழியெல்லாம் மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள். அவற்றை வலப்பக்கம் வைத்துத்தான் கடக்க வேண்டும் என்றான் தம்பி. எனக்குச் சொல்லித் தரவா வேண்டும், பிரதட்சிணம்தானே! ஆனால் பல பேர் எதையும் பார்க்காமல் அவற்றை இடப்பக்கம் வைத்துக் கடந்து, அதன்மேலேயே பையைச் சாய்த்துவைத்துப் படம் எடுக்கிறார்கள். பொறுக்கவில்லை.

3,440 மீட்டரில் நாம்சே. மூச்சு பழக இரண்டு ராத்திரி தங்கினோம். மேலே கும்பிலா மலை தெரிந்தது. அது அந்தச் சீமைக்கே காவல் தெய்வம், அதன்மேல் யாரும் ஏறுவதில்லையாம். மலையே சாமி என்றால் அண்ணாமலைக்குப் போய்வருகிற நமக்குப் புரியாதா?

கஷ்டம் ஃபுங்கி தங்காவில் தொடங்கியது. தண்ணீர் விசையில் பிரார்த்தனை உருளைகள் தானாகச் சுற்றுகிற அந்தப் பாலத்தடியிலிருந்து தெங்போச்சே வரை சுமார் 600 மீட்டர் ஏற்றம். பத்தடிக்கு ஒரு தரம் நின்றேன். தலை விண்விண் என்றது. "பிஸ்தாரை, திதி, பிஸ்தாரை" என்று மெதுவாக நடக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு திருப்பத்தில் சுமை மாடுகள் மணியடித்துக்கொண்டு இறங்கி வர, மலைப்பக்கம் ஒதுங்கியதில் பை பாறையில் இடித்தது. துணியைப் பிரித்தேன். இரண்டு வளையல் உடைந்திருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா கொடுத்தனுப்பிய சீரைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரியவில்லையே என்று. தம்பி ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டான்.

தெங்போச்சே மடம் 1934 பூகம்பத்தில் இடிந்து, 1989-ல் தீயில் எரிந்து, மறுபடி எழும்பியது. அன்று அங்கே கூட்டமான கூட்டம். கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம்.

பாங்போச்சே வேறு உலகம். கல் வீடுகள், கல் வேலி போட்ட உருளைக்கிழங்கு வயல்கள், காலையில் ஜுனிபர் என்கிற வாசனை மரத்தின் தழைப் புகை. கும்பு என்கிற இந்தச் சீமையிலேயே பழமையான கோம்பா, அதாவது பௌத்த மடக் கோயில், இங்கேதான். அதைச் சுற்றிப் பழைய ஜுனிபர் மரங்கள். லாமா சங்வா தோர்ஜே தன் முடியைக் களைந்து வீச, அதிலிருந்து முளைத்தவை என்கிறார்கள். அவற்றை வெட்டக் கூடாது. தலவிருட்சம்! முடி காணிக்கை கொடுத்தே பழகிய நம்மவருக்கு இதைக் கேட்டு உடம்பு சிலிர்க்காமல் இருக்குமா?

கோடு போட்ட முன்துணி கட்டிய ஒரு கிழவி சாவி கொண்டுவந்து திறந்தார். உள்ளே இருட்டு, வெண்ணெய் விளக்கின் வாசனை. கண் பழகப் பழக, பத்மசம்பவர் என்கிற பௌத்த குரு ரின்போச்சேயின் திருமுகம் மெல்லத் தெரிந்தது. நம் கருவறையில் தீபாராதனைக்கு முன்னால் தெரியுமே, அதே மாதிரி. கை நடுங்கத் துணியைப் பிரித்தேன். கிழவி ஏதோ கேட்டார். யாருக்காக என்று கேட்கிறார் என்றான் தம்பி. "அம்மாவுக்கு" என்றேன், தமிழிலேயே. "ஆமா" என்று தலையாட்டினார். அவர்கள் பேச்சிலும் அம்மா 'ஆமா'தான். பித்தளைக் கிண்ணங்களில் தண்ணீர் வைத்திருந்த வரிசைக்குப் பக்கத்தில் மஞ்சளையும் குங்குமத்தையும் துணியையும் பத்து வளையலையும் தன் கையாலேயே வைத்தார். தம்பி கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினான். அந்தச் சில்லுகளையும் ஒன்று விடாமல் பத்தோடு சேர்த்து வைத்தார். ஒரு விளக்கேற்றி, கொஞ்சம் ஜுனிபர் தழையை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

வெளியே வந்தால் மேகம் விலகியிருந்தது. எதிரே அமா தப்லம், 6,812 மீட்டர். இரண்டு பக்கமும் கை விரித்த தாய், நடுவில் தொங்குகிற பனி அவள் கழுத்தில். வயதான ஷெர்பாப் பெண்கள் கழுத்தில் அணிகிற தாயத்துப் பேழைக்குத்தான் தப்லம் என்று பெயராம். கும்பிட்ட கையை இறக்கத் தோன்றவில்லை. ஸ்லோகம் ஒன்றும் வாயில் வரவில்லை, அம்மா, அம்மா என்றுதான் வந்தது. எந்த அம்மாவைக் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

சாவி கொண்டுவந்த அந்தத் தாயே, சில்லு பொறுக்கிய என் தம்பியே, நீங்கள் நல்லா இருக்கணும். அந்தத் தழை இப்போது எங்கள் பூஜை அறையில், அம்மா படத்துக்கு முன்னால் இருக்கிறது. அம்மா, உன் சீர் போய்ச் சேர்ந்துவிட்டது.