பதினொரு அடுப்புகளும் ஒரு புகைக்கூரையும்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீட்டின் சாவிக்கொத்து இப்போது என்னிடம் இருக்கிறது. பதினொரு புள்ளிகளுக்கு, அதாவது பதினொரு குடும்பங்களுக்கு, பங்குள்ள வீடு அது. பங்காளிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலுமாக இருக்க, பணி ஓய்வுக்குப் பின் ஊரோடு தங்கிவிட்டவன் நான் ஒருவனே என்பதால் கொத்து என் கைக்கு வந்து சேர்ந்தது. கடந்த அக்டோபரில் அதைக் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மத்ரீதில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அரண்மனைகளும் அருங்காட்சியகங்களும் அடங்கிய ஒரு நீண்ட பட்டியலை அவள் தயாராக வைத்திருந்தாள். "ஆத்தா, அரண்மனை அளவுக்கு வீடு நம்மூரிலேயே தெருத்தெருவாகப் பூட்டிக் கிடக்கிறது; எனக்கு ஒரு சின்ன ஊரைக் காட்டு" என்றேன். சிறிது நேரம் கைப்பேசியைத் துழாவியவள், "அப்பச்சி, குளிரும், பரவாயில்லையா?" என்று கேட்டாள். அப்படித்தான் பியோர்னேதோவுக்குப் போனோம்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவில், லூகோ மாகாணத்தின் கிழக்கு எல்லையில், ஓஸ் அன்காரெஸ் என்னும் மலைத்தொடருக்குள் அந்த ஊர் இருக்கிறது. மத்ரீதிலிருந்து லூகோ சுமார் 500 கிலோமீட்டர். லூகோ நகரத்தைச் சுற்றி ரோமானியர் கட்டிய மதில் இன்றும் முழு வட்டமாக நிற்கிறது. அதன்மேல் ஏறி ஊரையே ஒரு சுற்று நடந்து வந்துவிடலாம். அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் காலையில் பெசெர்ரெயா என்ற சிற்றூர் வழியாக மலையேறினோம். அதற்குமேல் சாலை ஒற்றை வண்டிக்குரிய அகலமே கொண்டது. ஒரு வளைவில் பசுக்கூட்டம் ஒன்று எங்களை மறித்து, தன் விருப்பம்போல் நின்று, தன் விருப்பம்போல் விலகியது. நம்மூர் வெள்ளாடுகளின் நினைவு வந்தது. அவை இன்னும் சற்று அவசரப்படும்.

அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செம்மண்ணும் கருவேலமும் ஊருணியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஓக், பிர்ச், ஹேசல், செஸ்நட், ஹோலி என்று மரத்தின்மேல் மரம் சாய்ந்து, பட்டை தெரியாதபடி பாசி போர்த்தி நிற்கும் சரிவுகள் முதலில் பச்சையாகவே தெரியவில்லை, ஈரமாகத்தான் தெரிந்தன. நம் பக்கத்தில் மழை ஒரு விருந்தாளி. கூரையிலிருந்து வளவுக்குள் விழும் தண்ணீரை அண்டா வைத்துப் பிடித்த தலைமுறை எங்களுடையது. அங்கே மழைதான் வீட்டுக்காரர், மனிதர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். ஓநாய்கள் வாழும் காடு அது. கரடிக்கும் அஞ்சியவர்கள் என்பதற்குச் சரிவுகளில் சான்று நிற்கிறது: தேன்கூடுகளைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலாக வட்டமாக எழுப்பிய கல்மதில்கள். கரடி ஏறிக் குதிக்க முடியாதபடி மதிலின் உச்சிக்கற்களை வெளிப்புறம் நீட்டி வைத்திருக்கிறார்கள். தேனுக்குக் கோட்டை கட்டியவர்களை அன்றுதான் கண்டேன். ஓஸ் அன்காரெஸ் 2006 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களில் ஒன்று.

ஊர் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பியோர்னோ என்பது மஞ்சள் பூப்பூக்கும் ஒரு புதர். அதிலிருந்து வந்தது ஊர்ப்பெயர். ஆவாரங்குடி, வேலங்குடி என்று நாம் வைப்பது போலத்தான். அந்த ஊரின் பெருமை பல்யோசா எனப்படும் வீடுகள். முட்டை வடிவில் தாழ்வான கல்சுவர். அதன்மேல் கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் வைக்கோலால் வேய்ந்த, தரையைத் தொட்டுவிடுவது போல் இறங்கும் பெரிய கூம்புக்கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் வைக்கோற்போர்கள் கூட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுபோல் இருக்கும்.

இப்போது யாரும் பல்யோசாக்களில் குடியிருப்பதில்லை; அருகிலேயே கற்பலகை வேய்ந்த வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் குடும்பம் வாழ்ந்த ஒரு பல்யோசா, பொருள்கள் கலையாமல், பார்வைக்குத் திறந்திருக்கிறது. அதைக் காட்டிய மூதாட்டி கலீசிய மொழியில் பேச, மகள் தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியைக் கொண்டு முக்கால்வாசி பிடித்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரே கூரைக்குக் கீழ், சரிவான தரையின் தாழ்ந்த பக்கம் மாடுகளுக்கும் உயர்ந்த பக்கம் மனிதர்களுக்கும். பனிக்காலத்தில் மாடுகளின் உடற்சூடு வீட்டைக் காக்கும். கழிவு கீழ்நோக்கி வடியும். மனிதர் பகுதியின் நடுவே தரையோடு தரையாக அடுப்பு, அதற்கு மேலே சங்கிலியில் தொங்கும் குண்டான். புகைபோக்கி கிடையாது. இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவர்களுக்கு ஒரு ஓட்டை வைக்கத் தெரியாமலா போயிற்று என்று எண்ணினேன். மூதாட்டி என் முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்டார் போலும். தானாகவே விளக்கத் தொடங்கினார்.

புகை வைக்கோலின் ஊடாகவே மெல்லக் கசிந்து வெளியேறுமாம். கசியும்போது வைக்கோலை உலர்த்திக்கொண்டே போகும், பூச்சி அண்டாமல் காக்கும், உத்தரங்களில் கரிய பூச்சாகப் படிந்து மரத்தைக் கெட்டிப்படுத்தும், தொங்கவிட்ட பன்றி இறைச்சியையும் பதப்படுத்தும். அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் பின்னல் தட்டி, தீப்பொறி கூரையை எட்டாமல் தடுப்பதோடு, அதன்மேல் பரப்பிய செஸ்நட் கொட்டைகளை உலர்த்தியும் கொடுக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து உருளைக்கிழங்கு வந்து வேரூன்றும் வரை, இந்த மலைமக்களின் அன்றாடச் சோறு அந்தக் கொட்டைதான். எங்களுக்கும் சுட்டுக் கொடுத்தார். வறுத்த பலாக்கொட்டையின் மாவுத்தன்மையும் சர்க்கரைவள்ளியின் இனிப்பும் சேர்ந்த சுவை.

அவர் சொன்னவற்றில் ஒன்று என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. நெருப்பு மூட்டாமல் விட்டால் கூரை ஈரம் கோத்து, பாசி பிடித்து, அழுகி, சில ஆண்டுகளிலேயே உள்ளே விழுந்துவிடும். ஆகவே குடியிருக்க ஆளில்லாவிட்டாலும் அடுப்பை எரியவிட வேண்டும் என்கிறார்கள். ஆண்டுதோறும் நைந்த இடத்தை மட்டும் பிடுங்கிப் புதிய வைக்கோல் செருகுவதும் உண்டு. தாள் முறியாமல் இருக்க அந்த வைக்கோலைக் கையால் அடிக்க வேண்டும், இயந்திரத்தில் அடித்தது உதவாது. அப்படி அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நம்மூரில் மழைக்கு முன் ஓடு பிரித்து மேயத் தெரிந்த கைகளைத் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். பதில் எனக்குப் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கலீசியர்கள் கூட்டங்கூட்டமாக ஹவானாவுக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் கப்பலேறினார்கள். அர்ஜென்டினாவில் எந்த ஸ்பானியரையும் 'காயெகோ', அதாவது கலீசியர், என்றே அழைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கலீசியாவின் நாட்டுப்பண்ணே முதன்முதலில் 1907இல் ஹவானாவில்தான் பாடப்பட்டது. வெளிநாட்டில் சேர்த்த பணத்தில் சொந்த ஊரில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். சிலர் திரும்பி வந்து பெரிய வீடு எழுப்பி, போய் வந்ததன் அடையாளமாக வாசலில் பனைவகை மரம் ஒன்றை நட்டார்கள். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய நம் ஐயாக்களை நான் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. அவர்கள் பெரும்பாலும் வறுமை தாங்காமல் உழைக்கப் போனவர்கள். நம்மவர்கள் வட்டிக்கடைக் கணக்கோடு போனவர்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது நடந்தே திரும்பியவர்களுக்கு மட்டும் அந்த வேற்றுமை அன்று பெரிதாகத் தெரிந்திருக்காது.

ஊர்க்கோயில் சான் லொரென்சோவுக்கு உரிய சிறிய கல்கட்டடம். தீயில் வாட்டிக் கொல்லப்பட்டார் என்று மரபு சொல்லும் புனிதர் அவர். அவருடைய திருநாள் ஆகஸ்ட் 10. இத்தகைய ஊர்களுக்கெல்லாம் ஆகஸ்ட் மாதத்தில்தான் உயிர் வருகிறது. நகரங்களுக்குப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து கதவுகளைத் திறப்பார்கள். நமக்கு முன்னோர்க்கான படைப்பும் கல்யாணமும் போல. மற்ற மாதங்களில் பூட்டுகள்.

மதிய உணவாகக் கீரையும் உருளைக்கிழங்கும் வெள்ளைப் பயறும் போட்ட சூப்பு வந்தது. மகளுக்குத் தெரியாமல் பையிலிருந்து மிளகாய்ப்பொடியை எடுத்துத் தூவிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். மிளகாயும் உருளைக்கிழங்கைப் போல அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுதான், உறவு விட்டுப்போகவில்லை என்று சமாளித்தேன்.

விடைபெறும்போது மூதாட்டி என் ஊரைப் பற்றி விசாரித்தார். வீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். முகப்பையும் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் பார்த்து அவர் பெரிதாக வியக்கவில்லை. "இத்தனை பெரிய வீட்டில் எத்தனை அடுப்பு?" என்று மட்டும் கேட்டார். ஸ்பெயினின் பழைய குடிக்கணக்குகளில் வீடுகளை 'நெருப்பு' என்ற சொல்லால் எண்ணுவதுண்டு என்று மகள் பிறகு சொன்னாள். அப்போது எனக்கு அது தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வழக்கம்தான். கல்யாணமான மகனை 'வேறு வைத்து', அதே வீட்டுக்குள் தனி அடுப்பு கொடுப்பது. இரண்டாம் கட்டில் வரிசையாகக் கிடக்கும் அந்த அடுப்புகளை மனத்துக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன். பெரியப்பச்சி வீட்டு அடுப்பின் மேலே ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அதற்கடுத்த அறையில் புறாக்கள். பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத் தூண்களை விற்றுவிடலாம் என்று ஒரு பங்காளி கடிதம் எழுதியது அந்த அறையைப் பார்த்த பிறகுதான்.

"பதினொன்று" என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். மூதாட்டி தலையசைத்துவிட்டு, எரிவது எத்தனை என்று கேட்டார்.

"ஒன்று. அதுவும் கேஸ் அடுப்பு."

இந்தப் பதிலை மகள் மொழிபெயர்க்கவில்லை.