சொகுசுக் கப்பல் குப்பை எங்கே போகிறது?

காவேரிப்பட்டணத்து அக்கா மகன் ஒரு சொகுசுக் கப்பலில் குப்பை பிரிக்கிற அறையில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தவனைக் குடைந்து குடைந்து கேட்டேன். "பாட்டிலை நிறம் பார்த்துப் பிரிச்சு, நொறுக்கி, மூட்டை கட்டித் துறைமுகத்துல இறக்கிடுவோம் மாமா" என்றான். காகிதத்தையும் அட்டையையும் கப்பலிலேயே எரிப்பதும் உண்டு. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக்கூடாது, கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கிற மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் 1988 முதல் இது விதி. சாப்பாட்டு மிச்சத்தை 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குகிற அளவுக்கு அரைத்தால், பொதுவாக, கரையிலிருந்து 3 கடல் மைல் (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கி.மீ.) தாண்டிக் கொட்டலாம், அரைக்காவிட்டால் 12.

எனக்கு வயிற்றெரிச்சல் கழிவுநீர் விஷயத்தில்தான். 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், சுத்திகரிக்காத கக்கூஸ் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடப் பல கடல்களில் அனுமதி உண்டு. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் நுரை பொங்குவதைப் பார்க்கிற நம்மால் இதை எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியும்? சரி, சுத்திகரித்துவிட்டு விடுகிற கப்பல்களும் இருக்கின்றன. ஆனால் விதியை ஏமாற்றியவர்களும் உண்டு, திருட்டுக் குழாய் போட்டு எண்ணெய்க் கழிவைக் கடலில் விட்ட வழக்கில் பிரின்சஸ் குரூஸஸ் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனம் 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு இன்ஜினியர் துணிந்து அதிகாரிகளிடம் சொன்னதால்தான் அது வெளியே வந்தது.