ஒன்பது மில்லிமீட்டர் கல்லும் ஒரு குறுந்தகடும்

சிறுநீர்க் கல்லுக்காக உள்ளே வைத்திருந்த ஸ்டென்டை, அதாவது சிறுநீர் தடையின்றி இறங்கச் சிறுநீர்க்குழாயில் வைக்கும் மெல்லிய குழலை, எடுத்து ஏழு வாரம் ஆகிறது. இடது விலாவுக்குக் கீழே இப்போது வலி இல்லை. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. என் கல் எப்படிப்பட்டது, எடுக்கப் போனால் என்ன தொல்லை தரும் என்பதெல்லாம் முதல் நாள் எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே இருந்தது. அதை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஐந்து வாரம் வீணாய்ப் போனது.

வலி வந்தது, ஊசி போட்டது, ஸ்கேன் எடுத்தது எல்லாம் கல் கண்டவர்களுக்குத் தெரிந்த கதைதான். அறிக்கையின் முடிவில் இரண்டே வரி: இடது சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 9 மில்லிமீட்டர் கல், சிறுநீரகத்தில் லேசான நீர்த்தேக்கம். முதலில் பார்த்த மருத்துவர் ஃபிலிமை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, குழாயைத் தளர்த்தும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நிறையத் தண்ணீர் குடியுங்கள். நான்கு வாரத்தில் விழவில்லை என்றால் லேசர் வைத்து அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார்.

பத்தாம் நாள் வலி நின்றது. கல் விழுந்துவிட்டது என்று நம்பி நிம்மதியாக இருந்துவிட்டேன். தயவுசெய்து யாரும் இந்தத் தவறைச் செய்யாதீர்கள். குழாய் அடைபட்டபடி இருக்கும்போதே வலி அடங்கிவிடுவது உண்டு. சிறுநீரகம் ஓசையில்லாமல் வீங்கிக்கொண்டிருக்கும். ஐந்தாவது வாரம் எடுத்த அல்ட்ராசவுண்டில் என் நீர்த்தேக்கம் கூடியிருந்தது. 5 மில்லிமீட்டர் வரையுள்ள கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தானாக வெளியேறும், அதைத் தாண்டி 10 வரையுள்ளவற்றில் பாதிகூடத் தேறாது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் இன்னொரு மருத்துவரிடம் போனேன். அறிக்கையை அவர் ஓரமாக வைத்துவிட்டார். "படங்கள் எங்கே?" என்றார். ஃபிலிமைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அச்சிட்ட படத்தில் நான் எதையும் அளக்க முடியாது. கணினியில் திறக்கும்படி குறுந்தகட்டில் வாங்கி வாருங்கள்." அன்றைய அலைச்சல் வீண்.

ஸ்கேன் மையத்துக் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரிப்போர்ட், ஃபிலிம் எல்லாம் அன்றே கொடுத்தாகிவிட்டது சார்" என்றார். மருத்துவர் கேட்கிறார் என்றேன். "எல்லா டாக்டரும் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள்" என்று பதில் வந்தது. அரை மணி நேரம் நின்ற பிறகு ஒரு தகடு கைக்கு வந்தது. மறுநாள் மருத்துவர் அதைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு படம்: ஸ்கேன் தொடங்குமுன் இடம் பார்ப்பதற்காக எடுக்கும், எக்ஸ்ரே போன்ற முன்னோட்டப் படம். குறுக்குவெட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது பயணமும் வீண்.

மூன்றாவது முறை கவுண்டரில் பேசவில்லை. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "மெல்லிய வெட்டுகள் முழுவதையும் போட்டுத் தருகிறேன். கல்லின் அடர்த்தியையும் அறிக்கையில் சேர்த்துவிடுகிறேன்" என்றார். பதினைந்து நிமிட வேலை. அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். தகட்டை வாங்கியதும் அங்கேயே ஒரு கணினியில் போட்டுத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நாளாக ஆகப் பழைய படங்களை அழித்துவிடும் இடங்களும் உண்டு. ஆகவே எடுத்த அன்றே வாங்கிவிடுவது நல்லது.

அதன் பிறகு மருத்துவரின் அறையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திரையில் என் வயிற்றை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே வந்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஓர் இடத்தில் அரிசிக் குருணை போல ஒரு வெள்ளைப் புள்ளி. அங்கே நிறுத்தினார். குறுக்கே அளந்தால் அறிக்கையில் இருந்த அதே 9. பிறகு படத்தை முன்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் திருப்பி, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். 12 என்று காட்டியது. கல் குழாயின் வாக்கில் நீண்டு கிடந்தால், குறுக்குவெட்டில் மட்டும் அளக்கிறவர்களுக்கு அது சிறிதாகத்தான் தெரியுமாம்.

அடுத்து அடர்த்தி. இதை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் சொல்கிறார்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. சி.டி. ஸ்கேனை உருவாக்கியதற்காக 1979இல் நோபல் பரிசு பெற்றவரின் பெயர் அது. யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 500க்குள் நின்றுவிடும். மருந்தால் கரைக்கவும் வாய்ப்புண்டு. என்னுடையது 1150. "இது கால்சியம் கல், நல்ல கெட்டி. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பதற்கு ஏற்றதல்ல. லேசருக்கு உடையும், ஆனால் நேரம் பிடிக்கும்" என்றார். ஆயிரத்தைத் தாண்டினால் அதிர்வலைச் சிகிச்சையின் வெற்றி குறையும் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்காம். எனக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவதாக அவர் அளந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. வெள்ளைப் புள்ளியைச் சுற்றி மங்கலான சாம்பல் வளையம் ஒன்று இருந்தது. கல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குழாயின் சுவர் அது. கல் நகராமல் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சுவர் வீங்கித் தடிக்கும். அதன் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அவர் எச்சரிக்கையாகிவிடுவாராம். என் பழைய ஸ்கேனில் அது 3.2. ஐந்து வாரம் கடந்துவிட்டதால், கல் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கக் குறைந்த கதிர்வீச்சில் மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தயங்கித்தான் ஒப்புக்கொண்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே முதுகெலும்புக் கணுவுக்கு நேராக, மயிரிழைகூட நகராமல் அதே கல். சுவர் 4.1 ஆகியிருந்தது. பழைய படங்கள் இல்லாமல் போயிருந்தால் இந்த ஒப்பீடு கிடைத்திருக்காது.

"கல் சுவரில் பதிந்துவிட்டது. முதல் முறையே முடிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்" என்றார். கருவிக்கு வழிகாட்டச் சிறுநீர்ப் பாதை வழியாக முதலில் விடும் மெல்லிய கம்பி கல்லைத் தாண்டிப் போக மறுக்கலாம். அப்படியானால் ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். வீக்கம் வடிந்த பின் மறுபடி உள்ளே போவார். உடைக்கும்போது கல் மேலேறிச் சிறுநீரகத்துக்குள் ஓடிவிடலாம். அதற்காக வளையும் கருவியும் தயாராக இருக்கும். எல்லாம் முடிந்த பிறகும் அந்த இடம் தழும்பாகிச் சுருங்க வாய்ப்புண்டு. "ஸ்கேன் வாய்ப்பைத்தான் சொல்லும், இப்படித்தான் நடக்கும் என்று சொல்லாது" என்று இரண்டு முறை சொன்னார்.

இதற்கிடையில் இன்னொரு வீண் பயணம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் சேரப் போனால், சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது) எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை மட்டும். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். திரும்பி வந்தேன். அன்று எரிச்சலாக இருந்தது. கிருமி இருப்பதாக முடிவு வந்ததும் எரிச்சல் போய்விட்டது. கிருமி உள்ள சிறுநீருக்குள் கருவியை விட்டால் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தேதி குறிக்கும் நாளிலேயே கல்ச்சரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடைப்பு இருக்கும்போது குளிர்க்காய்ச்சல் கண்டால் தேதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

முதல் முறை, அவர் அஞ்சியது போலவே ஆயிற்று. சுவர் வீங்கிக் கல்லை மூடியிருந்தது, தொட்டதும் ரத்தம் கசிந்தது. பலவந்தம் செய்யாமல், கம்பியை மட்டும் எப்படியோ தாண்டவைத்து, ஸ்டென்ட் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். மயக்கம் தெளிந்ததும் அதைச் சொன்னார்கள். எனக்கு அதிர்ச்சி இல்லை. அடுத்த கட்டிலில் இருந்தவருக்கும் அதே நிலைமைதான். அவருக்கு முன்பே யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகைக்கு அவசியமே இல்லை.

ஸ்டென்டோடு மூன்று வாரம். அடிக்கடி சிறுநீர், கழிக்கும்போது இடுப்பில் இழுப்பு, அவ்வப்போது சிவப்பு நிறம், சகிக்கத்தான் வேண்டும். இரண்டாவது முறை வழி திறந்திருந்தது. லேசருக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது, அவர் சொன்னபடியே கெட்டிக் கல். மேலே ஓடிவிடும் என்று பயந்தது மட்டும் நடக்கவில்லை. துண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்: கால்சியம் ஆக்சலேட். இரண்டு வாரம் கழித்துக் கடைசி ஸ்டென்டையும் எடுத்தாயிற்று. அதை எடுக்கும் தேதியை வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவையுங்கள். மறந்து உள்ளேயே விட்டால் அதன்மேலேயே கல் படியும்.

போன வாரம், சுருக்கம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்டு எடுத்தேன். நீர்த்தேக்கம் முழுவதும் வடிந்திருந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும். அறிக்கையை வாங்கும்போது படங்களையும் தகட்டில் போட்டுத் தரும்படி கேட்டேன். கவுண்டரில் அதே ஆள். இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். மறுபேச்சில்லாமல் பதிவு செய்து, அவரே திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தார்.