ஆபீஸில் மட்டும் திறக்காத வெப்சைட்

ஜூன் 9, திங்கள்

மார்த்தாண்டத்தில் ஒரு ஆபீஸ். கம்பெனி வெப்சைட் மொபைல் டேட்டாவில் திறக்கிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. இப்படிச் சொன்னாலே ஹோஸ்டிங்காரரைக் கூப்பிட வேண்டாம். ஆக்டிவ் டைரக்டரி டொமைனுக்கும் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் யூசர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) சைட்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள், எக்ஸாம்பிள்.காம் என்றே வைத்துக்கொள்வோம்.

டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. ஆபீஸுக்குள் அந்தப் பெயருக்கு ஆபீஸின் டிஎன்எஸ் சர்வரே அதிகாரி. தன் ஸோனில் (அந்தப் பெயருக்கான பதிவேடு) டபிள்யூடபிள்யூடபிள்யூ ரெக்கார்டு இல்லையென்றால் வெளியே கேட்காது, "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று முடித்துவிடும். ஃபார்வர்டரில் (தனக்குத் தெரியாததைக் கேட்கும் வெளி சர்வர்) என்ன போட்டாலும் பயனில்லை.

சோதனை: கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்அப் கொடுத்து, டபிள்யூடபிள்யூடபிள்யூவோடு முழுப்பெயரை அடிக்கவும். அதே கமாண்டின் கடைசியில் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) சேர்த்து இன்னொரு தடவை. முதலாவது தோற்று, இரண்டாவதில் ஐபி வந்தால் நோய் இதுதான்.

ஆபீஸ் சர்வரின் டிஎன்எஸ் மேனேஜரில் அந்த ஸோனை ரைட் கிளிக் செய்து, நியூ ஹோஸ்ட். பெயர்க் கட்டத்தில் டபிள்யூடபிள்யூடபிள்யூ மட்டும்; முழுப்பெயரை அடித்தால் எக்ஸாம்பிள்.காம் இரண்டு தடவை ஒட்டிக்கொள்ளும். ஐபி, வெளியே கிடைத்த அதே ஐபி. பிறகு கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ். "இல்லை" என்ற பதிலையும் விண்டோஸ் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும்.

ஜூன் 11, புதன்

டபிள்யூடபிள்யூடபிள்யூ போடாமல் வெறும் எக்ஸாம்பிள்.காம் அடித்தால்? அது டொமைன் கன்ட்ரோலருக்குத்தான் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) போகும். அந்த ரெக்கார்டை கன்ட்ரோலரில் ஓடும் நெட்லாகன் சர்வீஸ் தானே பதிகிறது. அழித்தால் திரும்ப எழுதும். பக்கத்தில் சைட்டின் ஐபியையும் சேர்த்தால் இன்னும் மோசம்: பதில் மாறி மாறி வரும், கன்ட்ரோலரில் உள்ள சிஸ்வால் ஃபோல்டரைத் தேடிய கம்ப்யூட்டர் ஹோஸ்டிங் சர்வரில் போய் நிற்கும், அந்த ஃபோல்டரிலிருந்து வரும் குரூப் பாலிசி (கம்ப்யூட்டர்களுக்கான பொது அமைப்புகள்) சில நாள் வரும், சில நாள் வராது. கன்ட்ரோலரில் ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) போட்டுத் திருப்பிவிடலாம் என்பார்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அந்த சர்வரில் வெப் சர்வர் ஓட்டுவதே நல்லதல்ல.

ஷார்ட்கட், புக்மார்க் எல்லாம் டபிள்யூடபிள்யூடபிள்யூவோடு இருக்கட்டும். ஒன்றைப் பார்க்க மறக்க வேண்டாம்: வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் சைட் அட்ரஸ் வெறும் பெயராக இருந்தால், சைட்டே ஆளைத் திரும்ப அங்கே தள்ளிவிடும். திங்கட்கிழமை சேர்த்த ரெக்கார்டு வீண்.

ஜூன் 13, வெள்ளி

மழை, கரண்ட் போய் வந்தது. சில கம்ப்யூட்டரில் சைட் திறக்கிறது, ஷேர் ஃபோல்டர் இல்லை. ஐபிகான்ஃபிக் /ஆல் பார்த்தால் டிஎன்எஸ் இடத்தில் இன்டர்நெட் ரௌட்டரின் முகவரி. ரௌட்டரின் டிஎச்சிபி (கம்ப்யூட்டர்களுக்கு ஐபி, டிஎன்எஸ் முகவரிகளைத் தானே கொடுக்கும் சேவை) ஆபீஸ் சர்வரை முந்திக்கொண்டு பதில் கொடுத்திருக்கிறது. ரௌட்டரில் அதை அணைத்தாயிற்று.

"எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 போடுவதும் இதே கதைதான். முதல் சர்வர் ஒரு தடவை தாமதித்தால் போதும், விண்டோஸ் வெளியே கேட்கத் தொடங்கும். உள் பெயர்கள் அங்கே கிடைக்காது. பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ் (பிரவுசரே நேரடியாக வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்கும் வசதி) ஆன் செய்திருந்தாலும் ஆபீஸ் சர்வரைத் தாண்டிப் போய்விடும்.

ஜூன் 17, செவ்வாய்

ஹோஸ்டிங் ஐபி மாறினால் உள்ளேயும் கையால் மாற்ற வேண்டும். ஹோஸ்டிங்காரர் தனிப் பெயர் கொடுத்திருந்தால் ஏ ரெக்கார்டுக்குப் (பெயருக்கு ஐபி) பதில் சி-நேம் (பெயருக்கு இன்னொரு பெயர்) வைப்பது மேல். வெளி டிஎன்எஸ் பேனலில் உள்ள மெயில், ஆட்டோடிஸ்கவர் (மெயில் அமைப்பை அவுட்லுக் தேடும் பெயர்) முதலிய பெயர்களையும் உள் ஸோனில் சரிபார்க்க வேண்டும்.

நாகர்கோவில் கிளையில் நிலைமை தலைகீழ்: டொமைன் பெயர் வேறு, ஒரே ஒரு வெளிப்பெயர் மட்டும் உள் ஐபிக்கு வர வேண்டும். முழு ஸோன் வேண்டாம். அந்த முழுப்பெயரிலேயே ஒரு ஸோன் உண்டாக்கி, பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு ஏ ரெக்கார்டு. மற்ற பெயர்கள் வழக்கம்போல் வெளியே போகும்.

புதிதாக டொமைன் அமைப்பவர்கள் ஏடி.எக்ஸாம்பிள்.காம் போல் துணைப்பெயர் வைக்கட்டும். .லோக்கல் வேண்டாம், 2013இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம் அதை எம்டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) ஒதுக்கிவிட்டது, ஆப்பிள் கருவிகள் அங்கே தடுமாறும்.