புரதப் பிரிப்புப் பாடம்: படிகளை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி?

உணவுத் தொழில்நுட்பம் படிப்பவர்களில் பலர் இந்தப் பாடத்தை அப்படியே உருப்போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். எழுத்துத் தேர்வில் சமாளிக்கலாம். வாய்மொழித் தேர்வில் ‘ஏன்?’ என்று கேட்டால் மாட்டிக்கொள்வார்கள். எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்விதான்: இந்தப் படியில் புரதம் கரைசலில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா?

பட்டாணியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைத் தண்ணீரில் கலந்து பிஎச்சை (அமில-கார அளவை) 8 அல்லது 9க்கு உயர்த்தினால், புரத மூலக்கூறுகளில் எதிர் (நெகட்டிவ்) மின்சுமை கூடும். ஒன்றையொன்று தள்ளும், கரையும். மையவிலக்கியில் சுழற்றினால் ஸ்டார்ச்சும் நாரும் அடியில் தங்கிவிடும். நமக்கு வேண்டியது மேலே இருக்கும் கரைசல். அப்புறம் அமிலம் சேர்த்து 4.5க்கு இறக்குகிறோம். அதுதான் சம மின்புள்ளி. அங்கே நிகர மின்சுமை இல்லை, தள்ளுவிசையும் இல்லை. புரதம் திரண்டு படிகிறது. இப்போது வேண்டியது அடியில்.

செய்முறை வகுப்பில் இந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பிஎச் இறங்க இறங்கக் கலங்கல் வெளுத்துக்கொண்டே வரும்; 4.5ஐ நெருங்கும்போது திரிந்த பால்போலத் திப்பி திப்பியாகப் பிரியும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள், மீட்டரில் எண் நிலைக்கும்வரை பொறுங்கள்.

சரி, பிஎச்சை 11க்கு ஏற்றினால் இன்னும் கரையுமே? தேர்வாளர்கள் விரும்பிக் கேட்பது இது. கரையும்தான். ஆனால் கடுங்காரத்தில், அதிலும் சூடு சேர்ந்தால், லைசினோஅலனின் என்ற வேண்டாத சேர்மம் உருவாகி, உடலுக்கு அவசியமான லைசின் என்ற அமினோ அமிலம் வீணாகும். சூரியகாந்திப் பிண்ணாக்கில் உள்ள குளோரோஜெனிக் அமிலமோ காரத்தில் ஆக்சிஜனேற்றமடைந்து புரதத்தையே பச்சையாக்கிவிடும். நாம் பிரிப்பது உணவுக்காக என்பது விடையில் தெரிய வேண்டும். என் பார்வையில் இந்தப் பாடத்தின் உயிரே அதுதான்.

பாசியிலிருந்து புரதம் எடுப்பதில் முதல் தடை செல் சுவர். குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசியின் சுவர் கெட்டியானது. அதை உடைக்கச் சிறு மணிகளோடு சேர்த்து அரைக்கும் எந்திரமோ (bead mill) உயரழுத்த ஹோமோஜெனைசரோ தேவைப்படும். ஸ்பைருலினா சயனோபாக்டீரியா (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) என்பதால் அதில் செல்லுலோஸ் சுவர் கிடையாது. உறையவைத்து உருக்கினாலே ஃபைகோசயனின் என்ற நீலப் புரதம் நீரில் இறங்கும். செல் உடைந்ததற்கு அந்த நீலமே சாட்சி. சூட்டில் அது வெளிறிப்போகும், கவனம்.

கணக்குக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். புரத அளவைக் கண்டறியப் பயன்படும் கெல்டால் முறை அளப்பது நைட்ரஜனை, புரதத்தை அல்ல. புரதத்தில் 16% நைட்ரஜன் என்று வைத்து 6.25ஆல் பெருக்குகிறோம். நுண்பாசியில் நியூக்ளிக் அமிலம், பச்சையம் ஆகியவற்றின் நைட்ரஜனும் இதில் சேர்ந்துவிடும். அதனால் 4.78 என்ற காரணியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நைட்ரஜன் 10% என்றால் ஒன்றில் 62.5% புரதம், மற்றதில் 47.8%. எந்தக் காரணியை எடுத்தீர்கள், ஏன் என்று விடைத்தாளில் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.