குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த பொட்டாசியம்

காலை பதினொன்றரை மணிக்கு ஒரு டாக்டர் போன் செய்தார். "பொட்டாசியம் 7.2-ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஈசிஜி எடுத்துட்டேன், சுத்தமா நார்மல். மனுஷர் நல்லா உட்கார்ந்து பேசிட்டிருக்காரு. என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கம்மா." கோபப்படாமல்தான் கேட்டார். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. 3.5-க்கும் 5.1-க்கும் நடுவில் இருக்க வேண்டியது 7.2 என்றால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ஈசிஜி எடுக்காமல், பேப்பரில் இருந்த எண்ணை மட்டும் நம்பி மருந்து ஏற்றியிருந்தால் அந்தப் பெரியவர் கதி என்ன?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். 2009-ல் லேப் டெக்னாலஜி டிப்ளமா (டிஎம்எல்டி) முடித்ததிலிருந்து இதே வேலைதான். அன்றைக்கு அந்த டியூபைத் திரும்ப மெஷினில் வைத்தேன். 7.1. மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கக் காலையில் ஓட்டிய, அளவு தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளும் சரியாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம், தெளிவான வைக்கோல் நிறம், துளி சிவப்பு இல்லை. ரத்த அணு உடைந்திருந்தால் சீரம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்கவில்லை. பெரியவரை வரவழைத்து, கையை மடக்கி விரிக்கச் சொல்லாமல், கையில் போட்ட கட்டை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்து, புதிதாக ரத்தம் எடுத்தோம். 4.4 வந்தது.

அந்த டியூப் வந்தது குறிஞ்சிப்பாடியில் எங்களுக்காக ரத்தம் எடுத்து அனுப்பும் கலெக்ஷன் சென்டரிலிருந்து. அங்கே போன் போட்டேன். அங்கே இருக்கும் தம்பி மறைக்காமல் சொன்னான். "நேத்து சாயங்காலம் எடுத்த பிளட் அக்கா. பஸ்ஸை விட்டுட்டேன். கெட்டுப்போயிடக் கூடாதேன்னு டியூபை அப்படியே ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன்."

அக்கறையில் செய்ததுதான். ஆனால் அதுதான் காரணம். பொட்டாசியம் பெரும்பாலும் ரத்த அணுவுக்கு உள்ளேதான் இருக்கும். அதை உள்ளேயே நிறுத்தி வைக்கிற பம்ப் குளிரில் வேலை செய்யாது. சீரத்தைப் பிரிக்காமல் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால், அணு உடையாமலே பொட்டாசியம் கசிந்து வெளியே வந்துவிடும். சரி, வெளியே வைத்திருக்கலாமா என்றால் அதுவும் தப்பு. அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண டியூபில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். நம் ஊர் கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். ரத்தம் எடுத்து அரை மணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றி, சீரத்தைத் தனியாகப் பிரித்தபிறகுதான் அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தம்பிக்கு நாங்கள் யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த வாரம்தான் எங்கள் சார், லேப்களுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎல்லுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுத்தார். மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரத்தின் 2022 பதிப்பு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. விண்ணப்பத்திலிருந்து சான்று வரை ஒன்றேகால் வருடம் ஆனது. ஃபார்ம், கட்டணம், மேனுவல் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. கேட்டால் யாரும் சொல்வார்கள். எங்களைத் திருத்திய விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எஸ்ஓபி, அதாவது ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்ய வேண்டும் என்ற எழுத்துக் குறிப்பு. எங்களிடம் இருந்தது நாற்பது பக்க இங்கிலீஷ், எங்கிருந்தோ வாங்கி ஃபைலில் போட்டது, ஒருவரும் புரட்டியதில்லை. ரத்தம் எடுக்கும் பகுதியை நான் தமிழில் எழுதினேன். பேர், வயசு இரண்டையும் நோயாளி வாயால் சொல்ல வைக்கணும். "நீங்கதானே முருகேசன்" என்று நாம் கேட்கக் கூடாது. டியூபில் பேர் எழுதுவது ரத்தம் எடுத்தவுடன், நோயாளி பக்கத்தில் இருக்கும்போதே. டிரிப் ஏறும் கையில் எடுக்கக் கூடாது. டியூப்களில் ரத்தம் எடுக்கும் வரிசை: முதலில் நீல மூடி, பிறகு சிவப்பு, பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். சிவப்பு டியூபில் ரத்தம் பத்தவில்லை என்று ஊதாவிலிருந்து ஊற்றவே கூடாது. ஊதா டியூபில் இருப்பது ரத்தத்தை உறைய விடாத பொட்டாசியம் ஈடிடிஏ. அது கலந்தால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் தரைக்குப் போகும். இரண்டும் சேர்ந்து வந்தால் நோயாளியைச் சந்தேகிக்கும் முன் டியூபைச் சந்தேகிக்கணும். இதை ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து எல்லா சென்டரிலும் ஒட்டினோம். குறிஞ்சிப்பாடிக்கும் பண்ருட்டிக்கும் சின்ன சென்ட்ரிஃபியூஜ் வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சீட்டு வரணும்: எடுத்த நேரம், சுற்றிய நேரம், பஸ்ஸில் ஏற்றிய நேரம். முன்பு தேதி மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது கன்ட்ரோல். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கன்ட்ரோல் எண் எல்லைக்கு வெளியே போனால், உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, உள்ளே வந்த எண்ணை மட்டும் நோட்டில் எழுதுவோம். சும்மாவே இருபதுக்கு ஒருமுறை 2 எஸ்டி-க்கு (சராசரியிலிருந்து வழக்கமான விலகலின் இரு மடங்குக்கு) வெளியே போகத்தான் செய்யும், அது எச்சரிக்கை மட்டும்தான் என்பதும், 3 எஸ்டி தாண்டினாலோ, அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே பக்கம் 2 எஸ்டி தாண்டினாலோ நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும் என்பதும் லேப் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் வெஸ்ட்கார்ட் 1981-லேயே எழுதிவைத்த விதிகள். கன்ட்ரோல் எண்களை நாள்வாரியாகக் குறிக்கும் எல்ஜே சார்ட்டை நாங்கள் நேர்மையாக வரையத் தொடங்கிய மூன்றாம் மாதமே அதன் அருமை தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை புது கன்ட்ரோல் வயல் கலக்கினோம். சோடியம் 3 எஸ்டி-க்கு மேலே. கால்சியம் 2 எஸ்டி-யைத் தாண்டியது. யூரியா, கொலஸ்ட்ரால் எல்லைக்குள்தான், ஆனால் அவையும் மேலே நகர்ந்திருந்தன. கன்ட்ரோலின் இரண்டு லெவலிலும் அப்படியே. சோடியம் எலக்ட்ரோடைக் காலிபிரேட் செய்துவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே நாளில் எல்லா டெஸ்ட்டும் ஏறக்குறைய ஒரே சதவீதம் ஏறினால் அது மெஷினில் இருக்க வாய்ப்பில்லை, வயலில் இருக்கணும். பொடியாக வரும் கன்ட்ரோலில் சரியாக 5 எம்எல் தண்ணீர் விட்டு, நுரைக்காமல் மெல்லச் சுழற்றி, அரை மணி நேரம் வைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் எல்லாமே கெட்டியாகிவிடும். எங்களிடம் நல்ல தராசு இல்லை. தண்ணீர் அளந்து விடும் பிப்பெட்டை எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். தங்கம் நிறுக்கிற தராசில் சின்ன கப்பை வைத்து, 5 எம்எல் தண்ணீரை ஒரு முறை பிப்பெட் செய்தேன். 5 கிராம் காட்டணும். 4.8 கிராம். மறுபடியும் 4.8. ஐந்து முறையும் ஐந்தைத் தொடவில்லை. 4 சதவீதப் பிசகு அங்கேயே கிடைத்துவிட்டது. புது பிப்பெட் வாங்கி, காலிபிரேஷன் சான்றோடு வைத்தோம். அன்றைக்கு எலக்ட்ரோடைத் திருத்தியிருந்தால், சரியாக இருந்த மெஷினைக் கெடுத்து அத்தனை பேர் சோடியத்தையும் குறைத்துக் காட்டியிருப்போம்.

பாதுகாப்பு விஷயத்தில் மனசைக் குத்திய சம்பவம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த பெண், ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திக்கொண்டாள். காலையில் நடந்ததைச் சாயங்காலம்தான் சொன்னாள். "திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்க்கா." எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்கணும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. அவள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இரண்டு டோஸ்தான் போட்டிருந்தாள். எதிர்ப்பு சக்தி இல்லாதவருக்கு அந்தக் கிருமி தொற்ற 100-க்கு 30 வரை வாய்ப்பு; எச்ஐவி 1000-க்கு 3. ஊசி குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவவைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் கொடுத்தவரும் பெரிய மனசோடு டெஸ்ட்டுக்குச் சம்மதித்தார். எல்லாம் நெகட்டிவ். மூன்றாவது டோஸும் போட்டு, எதிர்ப்பு சக்தியைக் காட்டும் டைட்டர் 10-க்கு மேல் வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அதன்பின் ஊசிக்கு மூடி போடுவதையே நிறுத்தினோம். ஒவ்வொரு நாற்காலி பக்கத்திலும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா வைத்தோம். குத்திவிட்டால் உடனே சொல்பவரை யாரும் ஒரு வார்த்தை திட்டக் கூடாது என்று சார் எழுத்திலேயே கொடுத்தார்.

என்ஏபிஎல் ஆட்கள் வந்து பார்க்கும் அசெஸ்மென்ட் இரண்டு நாள் நடந்தது. மெஷினைப் பற்றி அதிகம் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் ஒரு பழைய ரிப்போர்ட்டை உருவி, அதை யார் எடுத்தது, எந்தப் பஸ்ஸில் வந்தது, அன்றைக்கு டெஸ்ட்டுக்குப் பயன்படுத்திய ரசாயனமான ரீஏஜென்ட் எந்த லாட் என்று பின்னோக்கிப் போனார்கள். பிறகு ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் நோட்டைத் திறந்தார் ஒரு மேடம். மாதம் முழுக்க 4, 4, 4. எல்லாம் ஒரே பேனா. அமைதியாகக் கேட்டார்: "பன்னிரண்டாம் தேதி அஞ்சு மணி நேரம் கரண்ட் இல்லைன்னு உங்க ஜெனரேட்டர் லாக்ல இருக்கே. ஃப்ரிட்ஜ் மட்டும் எப்படி நாலுலயே இருந்துச்சு?" பதில் சொல்ல முடியவில்லை. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதைப் பார்த்தவள் நான். கரண்ட் இல்லாமல் ரீஏஜென்ட் எல்லாம் வீணாகிப் பெட்டி பெட்டியாகக் குப்பைக்குப் போனதைக் கண்ணால் கண்டவள். என் நோட்டிலேயே அப்படி இருந்தது. மொத்தம் ஏழு என்சி, அதாவது தரத்துக்குப் பொருந்தாத குறைகள், வந்தது. அந்த ஒன்றுதான் உறுத்தியது. இப்போது உச்சமும் குறைச்சலும் காட்டும் தெர்மாமீட்டர், காலை மாலை இரண்டு வேளை, பார்த்தவர் கையெழுத்து. கரண்ட் போனால் எண்ணோடு அதையும் எழுதணும். ரீஏஜென்டைக் கன்ட்ரோல் ஓட்டிப் பார்க்காமல் நோயாளி சாம்பிளைத் தொடக் கூடாது.

சான்று வந்து சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித்தரச் சோதனைக்கு மாதாமாதம் முடிவு அனுப்புகிறோம்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குக் குறிஞ்சிப்பாடித் தம்பி போன் செய்தான். "அக்கா, பஸ் போயிடுச்சு. மூணு சாம்பிளையும் சுத்தி, சீரத்தை மட்டும் பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். ஒண்ணு கொஞ்சம் சிவப்பா இருக்கு. அதை அனுப்பல. காலையில அவங்களைத் திரும்ப வரச் சொல்லியிருக்கேன்."