பழைய மியாட்டாவுக்கு டயர்

முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா காருக்கு டயர் தேடுகிறவர்கள் அகலத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 1989-இல் வந்தபோது அதன் டயர் அளவு 185/60 ஆர்14. அதாவது அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம். 15 அங்குல ரிம்முக்கு மாறினால் 195/50 சரியாகப் பொருந்தும். கணக்கு எளிதுதான்: பக்கச்சுவர் 195-இல் பாதி, மேலும் கீழும் சேர்த்தால் 195 மி.மீ. 15 அங்குல ரிம் 381 மி.மீ. மொத்த உயரம் 576. பழைய டயர் 578. ஸ்பீடோமீட்டர் பிசகாது. 195/55 போட்டால் 595-ஐத் தாண்டிவிடும். முள் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும், இழுவையும் கொஞ்சம் மந்தமாகும்.

ஆயிரம் கிலோகூட இல்லாத வண்டி இது. ரொம்ப அகலமான டயர் போட்டால் ஸ்டியரிங் கனத்துவிடும், வளைவில் சாலை கையில் பேசுவது மழுங்கிவிடும். எனக்கு அந்த உணர்வுதான் இந்த வண்டியே.

அப்புறம், பக்கச்சுவரில் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 1214 என்றால் 2014-இன் 12-ஆவது வாரம் செய்தது. சாலையில் படும் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். மாற்றிவிடுங்கள்.